பழைய கடதாசியில் புதிய பண்டம்: கணக்கை முழுதாகப் பார்ப்போம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருவகைக் கடைகள் உண்டு. ஆசிய, ஆபிரிக்க நாடுகளின் ஏழை மக்கள் செய்த கைப்பணிப் பொருட்களே அங்கு விற்கப்படும். கடதாசியைச் சுருட்டிச் செய்த மணிமாலை, பழைய பத்திரிகையை வளைத்துக் கட்டிய கிண்ணம், கையால் செய்த தாளில் நத்தார் வாழ்த்து மடல் என்று பலவும் அலுமாரியை அலங்கரிக்கும். ஒவ்வொன்றிலும், "பழைய கடதாசியில் செய்தது" என்று ஒரு சின்னச் சீட்டுத் தொங்கும். வாங்குகிறவர் ஒரே விலைக்கு இரண்டு நன்மை செய்துவிட்ட திருப்தியோடு வீடு திரும்புகிறார். மரம் பிழைத்தது ஒன்று. ஏழை வீட்டில் அடுப்பு எரிந்தது மற்றொன்று.

மரம் உண்மையிலேயே பிழைத்ததா? அடுப்பு எத்தனை நாள் எரிந்தது? இந்த இரண்டு கேள்விகளையும் விற்கிறவர் கேட்பதில்லை. வாங்குகிறவருக்கும் கேட்க நேரமில்லை. செய்கிறவர்கள் கேட்டே ஆகவேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

நமக்கு ஏன் இந்தப் பேச்சு?

பூண்டுலோயாவைச் சூழ்ந்துள்ள டன்சினன், சீன் முதலிய தோட்டங்களில், படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளம் பெண்கள் பலர். கொழுந்து மலைக்குப் போக அவர்களுக்கு மனமில்லை. கொழும்புப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை, அல்லது மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலை என்பவையே கண்முன் தெரியும் வழிகள். லயத்தை விட்டுப் பிரியாமல் செய்யக்கூடிய ஒரு கைத்தொழில் கிடைத்தால் எத்தனை தாய்மார் நிம்மதியாக உறங்குவார்கள்! ஆகவே மாதர் கூட்டங்களில், "பழைய பேப்பருக்குக் காசா, பணமா? பண்டம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் என்ன?" என்ற யோசனை எழுவது இயல்பே.

யோசனை நல்லதுதான். ஆனால், ஆழமறியாமல் காலை விடாதே என்பது முன்னோர் வாக்கு. நமக்கு முன்பே இந்த ஆற்றில் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட ஆழத்தை முதலில் கேட்டறிவோம்.

மூன்று ஊர்களின் அனுபவம்

முதலாவது நம் நாட்டுக் கேகாலை. 1997-ஆம் ஆண்டு துசித ரணசிங்க என்பவர் அங்கு மக்சிமஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். யானை உண்ணும் புல்லும் ஓலையும் பட்டையும் அதன் வயிற்றில் முழுதாகச் செரிப்பதில்லை. செரியாத நார் சாணத்தில் மிஞ்சுகிறது. பின்னவலைப் பக்கம் யானைகளுக்குக் குறைவில்லை; சாணத்துக்கும் குறைவில்லை. அதை நன்கு கழுவி, பல மணி நேரம் அவித்து, கழிவுக் கடதாசிக் கூழோடு கலந்து, சட்டத்தில் அள்ளி, அழுத்தி, உலர்த்தித் தாளாக்கினார்கள். அந்தத் தாளில் செய்த குறிப்பேடுகளும் மடல்களும் கடல் கடந்து விற்றன. 2006-இல் பி.பி.சி.யின் 'உலகச் சவால்' போட்டியில் இம்முயற்சி முதலிடம் பெற்றது. யானையால் பயிர் இழக்கும் கிராமத்தவன், அதே யானையால் வருமானமும் வரும் என்று கண்டால் அதைக் காக்க விரும்புவான் என்பது இதன் உட்கருத்து.

இரண்டாவது, தமிழகத்தில் புதுச்சேரியை அடுத்த ஆரோவில். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலை அந்தக் கரையையும் தாக்கியது. அதன் பின் சுற்றுக் கிராமப் பெண்களுக்குத் தொழில் பழக்கும் நோக்குடன் 'வெல் பேப்பர்' என்ற பிரிவு அங்கு உருவாயிற்று. பழைய பத்திரிகைத் தாளைக் குழலாகச் சுருட்டி, தட்டையாக்கி, வளைத்து ஒட்டிக் கிண்ணம், கூடை, பெட்டி எனச் செய்யப் பெண்கள் பழகினார்கள். பெரிய இயந்திரம் இல்லை, கொதிகலன் இல்லை, கையும் பசையுமே முதல்.

மூன்றாவது, ஆபிரிக்காவில் உகண்டா நாட்டுத் தலைநகர் கம்பாலா. வடக்கே நடந்த உள்நாட்டுப் போருக்கு அஞ்சி ஓடிவந்த பெண்கள் பலர், அந்நகரின் கற்குவாரியில் கல் உடைத்துப் பிழைத்து வந்தார்கள். வண்ணக் கடதாசியை நீண்ட முக்கோணமாக வெட்டி, ஊசியில் சுற்றி, ஒட்டி, வார்னிஷ் பூசினால் அழகிய மணியாகிறது. 2004-இல் தொடங்கிய 'பீட் ஃபோர் லைஃப்' என்ற அமைப்பு இந்த மணிகளை வாங்கி அமெரிக்காவில் விற்றது. ஆனால் ஒருத்தி ஆயுள் முழுதும் மணி சுருட்டிக் கொண்டிருக்க வேண்டும் என்று அது எண்ணவில்லை. குறிப்பிட்ட காலம் மணி விற்றுச் சேமித்து, அந்தப் பணத்தில் கோழி வளர்ப்போ சிறுகடையோ தொடங்கி, ஒவ்வொருத்தியும் வெளியேற வேண்டும் என்பதே ஏற்பாடு. காலப்போக்கில் அவ்வமைப்பு, சிறுவியாபாரம் கற்பிக்கும் பள்ளியையே தன் முக்கிய பணியாக்கிக்கொண்டது.

இனி இவற்றை மனதில் வைத்து மூன்று கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற் கணக்கு: கடதாசி

கடதாசி என்பது மரத்தின் நார். ஒருமுறை பயன்படுத்திய தாளைக் கூழாக்கி மீண்டும் தாள் செய்யும்போது அந்த நார் சற்றுக் குட்டையாகிறது. இவ்வாறு ஏறக்குறைய 5 முதல் 7 தடவைகள் வரை செய்யலாம் என்பது பொதுவான கணிப்பு. அதன் பின் நார் பலமிழந்து கழிவாகிவிடும்.

இப்போது ஒரு பழைய பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். அது ஆலைக்குப் போனால் இன்னும் பல பிறவிகள் எடுக்கும். அதைக் கிண்ணமாக்கி வார்னிஷ் பூசிவிட்டால் அதுவே கடைசிப் பிறவி. பசையும் பூச்சும் ஏறிய கடதாசியை எந்த ஆலையும் விரும்பாது. ஆகவே, பழைய கடதாசியில் செய்த பண்டம் எல்லாம் மரத்தைக் காப்பதாகச் சொல்லிவிட முடியாது. ஆலைக்குப் போகக்கூடிய நல்ல வெள்ளைத் தாளைப் பண்டமாக்கினால் கடதாசிக் கணக்கில் நட்டமே.

அப்படியானால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். நாம் எடுத்திராவிட்டால் இந்தத் தாளுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

நகரத்தில் இதற்கு விடை வேறு, மலையில் வேறு. கொழும்பில் பழைய பேப்பர், போத்தல் வாங்குகிறவர் வீட்டு வாசலுக்கே வருகிறார். தோட்டத்து லயத்துக்கு அவர் வருவது அரிது. எடை குறைந்த பண்டத்தை மலை ஏறி வந்து வாங்கினால் லொறிக் கூலிக்கும் கட்டாது. எனவே இங்கே பழைய தாளில் ஒரு பகுதி அடுப்பு மூட்ட உதவுகிறது; ஒரு பகுதி குளிருக்கு அடைப்பாகக் காம்பராச் சுவரில் ஒட்டப்படுகிறது; மிச்சம் குப்பையோடு குப்பையாக எரிகிறது, அல்லது கானில் விழுகிறது. கானில் விழுந்தது ஓடைக்குப் போகும். ஓடை கொத்மலை ஓயாவில் சேரும். அது 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகும். நாம் எறிகிற குப்பைக்கு நம்மைவிடத் தூரப் பயணம்!

எரியப்போகிற தாளை, ஓடைக்குப் போகிற தாளை எடுத்துப் பண்டமாக்கினால் அது சுத்த இலாபம். பளபளப்பான சஞ்சிகைத் தாளும் ஏற்றதே. அதில் வெண்களிமண் பூசியிருப்பதால் ஆலைக்கு அது அவ்வளவு உவப்பானதல்ல. தேயிலை ஏற்றுமதிக்குப் பயன்படும் பலமடிக் கடதாசிச் சாக்கும் அப்படியே. உள்ளே உலோகத் தகடு ஒட்டிய சாக்கைக் கூழாக்குவது கடினம்; ஆனால் அதன் தாள் மிக உறுதியானது. தொழிற்சாலையில் கிழிந்து ஒதுக்கப்படும் சாக்கு, கைப்பணிக்குக் கிடைத்த புதையல் எனலாம்.

இருந்தாலும் அளவை மறக்கலாகாது. பத்துப் பெண்கள், நாளுக்கு ஒவ்வொருவரும் 200 கிராம் எடையுள்ள ஒரு கிண்ணம் வீதம், மாதம் 25 நாள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 50 கிலோகிராம் கடதாசி செலவாகும். ஆண்டு முழுவதற்கும் 600 கிலோகிராம். ஒரு தொன் கூட இல்லை. ஒரு தொன் பழைய கடதாசி 17 மரங்களைக் காக்கும் என்று எங்கும் சொல்லிவருகிறார்கள். மரத்தின் பருமனையும் தாளின் வகையையும் பொறுத்து அந்தத் தொகை மாறும். அதையே ஒப்புக்கொண்டாலும், பத்துப் பெண்களின் ஓராண்டு உழைப்புக் காத்தது பத்து மரங்களே. பத்து மரம் நல்லதுதான். அதற்காகப் பத்துப் பெண்களின் ஓராண்டைச் செலவிட வேண்டியதில்லை. பத்துக் கன்று நட்டுவிட்டுப் போகலாம்.

ஆகவே இந்தப் பண்டத்தில் பெரிய மூலப்பொருள் கடதாசி அன்று. பெண்ணின் நேரமே பெரிய மூலப்பொருள். சீட்டில் எழுதியிருப்பது கடதாசி. சீட்டில் எழுதாதது நேரம். இதை உணர்ந்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

இரண்டாம் கணக்கு: நீர், நெருப்பு, பூச்சு, பயணம்

கடதாசிப் பண்டம் செய்ய இரு வழிகள் உள்ளன. கேகாலையில் செய்வது ஈரவழி: கூழாக்கி, நீரில் கலக்கி, உலர்த்துவது. ஆரோவிலிலும் கம்பாலாவிலும் செய்வது உலர்வழி: சுருட்டி, மடித்து, ஒட்டுவது.

ஈரவழிக்கு நிறைய நீர் வேண்டும். அவிக்க விறகு அல்லது வேறு எரிபொருள் வேண்டும். உலர்த்த வெயில் வேண்டும். பூண்டுலோயாவில் நீர் உண்டு. வெயில்? ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மலையை விட்டு நீங்குவதில்லை. துவைத்த துணியே அடுப்படியில் காய வேண்டியிருக்கிறது. கூழ்க் கிண்ணம் எங்கே காயும்? விறகு எரித்துக் காயவைத்தால், மரம் காக்கச் செய்த பண்டத்துக்கு மரம் எரித்தவர்களாவோம். அரைகுறையாகக் காய்ந்த பண்டத்தைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினால், அக்கரையில் பெட்டி திறக்கும்போது பூஞ்சணம் பூத்திருக்கும். வாங்கியவர் மறுமுறை கேட்கமாட்டார்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிநாட்டுக் கட்டளைகள் பெரும்பாலும் நத்தார் விற்பனையை எண்ணியே வரும். நத்தாருக்குக் கடையில் இருக்கவேண்டிய பண்டம் செப்டம்பர் அளவில் கப்பலேற வேண்டும். அதாவது அதிக வேலை நடக்கவேண்டிய காலமும் மலையில் மழை அடித்துப் பெய்யும் காலமும் ஒன்றே. எனவே நம் மலைக்கு உலர்வழியே பொருந்தும்.

உலர்வழியிலும் கவனம் வேண்டும். கோதுமை மாப் பசை மலிவு, ஆபத்தும் இல்லை. ஆனால் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துரிசு கலக்கும் பழக்கம் உண்டு. துரிசு நஞ்சு; குழந்தைகள் நடமாடும் காம்பராவில் அதற்கு இடமில்லை. பளபளப்புக்காகப் பூசும் வார்னிஷின் ஆவி தலைவலியையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். குளிருக்குக் கதவு சாத்திய, பத்தடி அறையில் இரவெல்லாம் வார்னிஷ் பூசுவது நெஞ்சுக்கு விலை வைப்பதாகும். நீரில் கரையும் பூச்சைத் திறந்த இஸ்தோப்பில் இருந்து பூசலாம். அல்லது பூச்சே வேண்டாத பண்டத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

உணவு வைக்கும் பாத்திரத்துக்கு அச்சடித்த தாள் ஆகாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். அச்சு மையில் உடம்புக்கு ஒவ்வாத பொருட்கள் கலந்திருக்கின்றன. பத்திரிகைத் தாளில் உணவைப் பொதிவது கூடாது என்று இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2016-இல் எச்சரித்தது. சூடான வடையைப் பத்திரிகையில் சுற்றித் தரும் நம் ஊர்க் கடைக்கும் இந்தப் புத்தி பொருந்தும்.

அடுத்தது பயணம். இலேசான கிண்ணத்தைக் கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பினால் வெளியாகும் காபனீரொட்சைட்டு வாயு கிண்ணத்தின் எடையை விடக் குறைவு. அவசரம் என்று விமானத்தில் அனுப்பினால் அது கிண்ணத்தின் எடையைப்போல் பல மடங்காகிவிடும். திகதி தவறிய கட்டளையை விமானத்தில் ஏற்றும்போது, பணத்தோடு சேர்த்து, சூழலைக் காக்கிறோம் என்ற பேச்சும் பறந்துபோகிறது.

பயணம் ஒருவழி மட்டுமல்ல. நாம் கடதாசிப் பண்டத்தை மேற்கே அனுப்புகிறோம். மேற்கிலிருந்து கழிவு நம்மிடம் வருகிறது. 2017-ஆம் ஆண்டுக்கும் 2019-க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து நூற்றுக்கணக்கான கொள்கலன்களில் கழிவு இலங்கைக்கு வந்து இறங்கியது. பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்தவற்றில் மருத்துவக் கழிவும் இருந்ததாகச் சுங்கத்தார் கண்டார்கள். வழக்காடி, கடைசிக் கொள்கலனைத் திருப்பியனுப்ப 2022 ஆயிற்று. தரம் பிரிக்காத கழிவுக் கடதாசியைச் சீனா 2018-இல் வாங்க மறுத்தபோது, அதில் பெரும்பகுதி ஏனைய ஆசிய நாடுகளின் பக்கம் திரும்பியது. அழகிய கிண்ணத்தை அலுமாரியில் வைத்த அதே வீட்டின் குப்பை, ஏழை நாடொன்றின் வாசலில் கிடக்கலாம். கிண்ணம் வாங்கியதால் இந்தக் கணக்குத் தீர்ந்துவிடாது.

மூன்றாம் கணக்கு: கைகள்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க அதிகம் பேசவேண்டியதில்லை. 'பேர்' என்றால் என்ன, 'அரைப் பேர்' என்றால் என்ன, 'கைக்காசு' என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். குறித்த கிலோ எடுத்தால் முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். கைக்காசு என்றால் பறித்த கிலோவுக்கு மட்டும் பணம்; பேர் இல்லை.

கடதாசிப் பண்டத்துக்கு உலகெங்கும் பெரும்பாலும் கொடுப்பது கைக்காசுதான். ஒரு மணிமாலைக்கு இவ்வளவு, ஒரு கிண்ணத்துக்கு இவ்வளவு. எத்தனை மணி நேரம் பிடித்தது என்று கேட்பாரில்லை. சுகவீனமானால் சம்பளமில்லை, பிரசவ விடுமுறை இல்லை, 1958-இல் வந்த ஊழியர் சேமலாப நிதியோ 1980-இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியோ இதில் சேர்வதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோரையும் ஏனைய தொழிலாளரைப் போலவே நடத்தவேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. அப்படி ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டதே நிலைமையைக் காட்டுகிறது அல்லவா?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021-இல் மொத்தம் 1,000 ரூபாவாகவும், 2024-இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 1,350 ரூபா என்றால் மணிக்கு ஏறக்குறைய 169 ரூபா. இனி, மூன்று மணி நேரம் செலவிட்டுச் செய்த கிண்ணத்துக்கு வியாபாரி 400 ரூபா தருகிறார் என்று வைப்போம். மணிக்கு 133 ரூபா. போதாது என்று நாம் போராடிய சம்பளத்திலும் குறைவு! 600 ரூபா தந்தால் மணிக்கு 200 ரூபா. அப்போதுதான் பேச்சுக்கு இடமுண்டு. வெளிநாட்டுக் கடையில் அதே கிண்ணம் 3,000 ரூபாவுக்கு ஈடான விலைக்கு விற்கலாம். அதைக் கேட்டு மயங்கவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். கப்பற்கூலி, வரி, இறக்குமதி செய்கிறவர், கடை வாடகை எல்லாம் அதில் அடங்கும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறது?

அந்த மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்கவேண்டும். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேறி, மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வந்து மீண்டும் அடுப்பூதுகிற தாய்க்கு மிச்சமிருப்பது உறங்கும் நேரமே. அதை எடுத்து மணி சுருட்டச் சொன்னால் அது தொழில் அன்று, இரட்டைச் சுமை. கட்டளை அவசரமானால் பிள்ளைகளும் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுருட்ட உட்கார்வார்கள். "சும்மா விளையாட்டுப்போலச் செய்கிறதுதானே" என்று நாமே சமாதானமும் சொல்வோம். கொப்பி எழுத வேண்டிய கை, கொப்பித் தாளைச் சுருட்டக் கூடாது.

நல்ல வழியும் உண்டு என்பதை மறைக்கலாகாது. வெளிநாட்டில் ஏழைகளின் கைப்பணியை நியாய விலைக்கு விற்கும் முயற்சிகளில் முன்னோடியானவை 1940-களில் அமெரிக்கக் கிறிஸ்தவ சபைகளிடையே தோன்றின. போர்ட்டோ ரிக்கோப் பெண்களின் பூவேலைத் துணிகளை ஓர் அம்மையார் 1946-இல் எடுத்துச் சென்று விற்றது அவற்றில் ஒன்று. இன்று உலக நியாய வணிக அமைப்பு பத்துக் கோட்பாடுகளை வகுத்திருக்கிறது. அவற்றின்படி, கைப்பணியாளர் கேட்டால் கட்டளைத் தொகையில் குறைந்தது பாதியை வட்டியில்லாமல் முற்பணமாகக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டு வியாபாரி யாரேனும் நம்மிடம் வந்தால் முதலில் கேட்கவேண்டியது இதுதான். முற்பணம் இல்லை என்றால், பசை வாங்கும் கடன் முதல் பண்டம் திரும்பி வரும் நட்டம் வரை எல்லாம் நம் தலையில் விழும்.

கணக்காளர் ஒருவர் காட்டிய வழி

1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் படித்துத் தேறிய கணக்காளர். காந்தியடிகளுடன் சேர்ந்து, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை முன்னின்று நடத்தினார். வார்தாவில் அச்சங்கம் வளர்த்த கைத்தொழில்களில் கைக்கடதாசியும் ஒன்று. ஜெய்ப்பூரை அடுத்த சங்கானேரில் உள்ள தேசியக் கைக்கடதாசி நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குமரப்பா வற்புறுத்திய கருத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு பொருளின் விலை அதன் முழுக் கதையையும் சொல்வதில்லை. அதைச் செய்தவன் எப்படி வாழ்ந்தான், இயற்கை என்ன இழந்தது என்பதும் கணக்கில் வரவேண்டும். தூரத்துச் சந்தையை நம்பி வாழ்கிறவன், தன் பிழைப்பின் கயிற்றைப் பிறர் கையில் கொடுத்தவனாகிறான். ஆகவே அண்டை அயலின் தேவைக்கு முதலிடம், மிஞ்சியதற்கே வெளிச்சந்தை.

இந்த உண்மையைத் தோட்டத்து மக்களைவிட நன்கறிந்தவர் யார்? இலண்டன் ஏலத்தில் தேயிலை விலை இறங்கியபோதெல்லாம் இங்கே வேலை நாட்கள் குறைந்த கதையைப் பாட்டன்மார் சொல்லியிருக்கிறார்கள். தேயிலையில் பட்டதைக் கடதாசியிலும் படவேண்டுமா?

பூண்டுலோயாவில் எதைச் செய்யலாம்?

கைவிடுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்பதே கருத்து.

முதலில் அண்மைச் சந்தை. 2017 செப்டெம்பர் முதலாம் திகதி மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் சாப்பாடு பொதியும் தாள்களுக்கும் நாட்டில் தடை வந்தது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். கடைகளுக்குக் கடதாசிப் பை இன்னும் தேவை. துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் பை, அலுவலகத்துக்கு உறை, பாடசாலைக்குக் கோப்பு அட்டை என்பன உலர்வழிப் பண்டங்கள், வார்னிஷ் வேண்டாதவை. விலை சிறிது, ஆனால் பணம் வாராவாரம் வரும், நாமே நடந்துபோய் வாங்கலாம். பயன்படுத்தியபின் அந்தத் தாள் மறுபடியும் பழைய கடதாசியாகும். அதன் பிறவி முடிவதில்லை.

இரண்டாவது, நுவரெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணிகள். வெளிநாட்டார் இங்கேயே வந்து வாங்கும்போது கப்பற்கூலியும் இடைத்தரகும் இல்லை. தேயிலைச் சாக்குத் தாளில் செய்த சிறு பெட்டியில் நல்ல தேயிலைத் தூள் கால் கிலோ, உட்பை ஒன்றில் இட்டு, வைத்து விற்றால், அது இந்த மலையின் பண்டம் என்று பார்த்தவுடனே தெரியும். கம்பாலா மணியையோ ஆரோவில் கிண்ணத்தையோ பார்த்துச் செய்வதைவிட இது மேல்.

மூன்றாவதாகவே வெளிநாட்டுக் கட்டளை. வந்தால் முற்பணத்துடன் ஏற்கலாம்; வராவிட்டால் குடி மூழ்காது. வருமானத்தில் ஒரு பங்கை ஒவ்வொருத்தியும் தன் பெயரில் வங்கியில் இட்டு, இரண்டொரு வருடங்களில் தனக்கென ஒரு தொழிலுக்கு மாறலாம். கம்பாலாப் பெண்களிடம் கற்கவேண்டியது மணி சுருட்டுவதை அல்ல. மணியை ஏணியாக வைத்து ஏறியதையே.

கடதாசியின் அருமையை நாடு 2022-இல் அறிந்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் தாள் இறக்குமதி தடைப்பட்டு, மார்ச் மாதம் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒருபக்கம் மட்டும் எழுதிய கொப்பித் தாளைப் பண்டமாக்குமுன், மறுபக்கத்தில் எழுதி முடிப்பதே முதற் சிக்கனம் என்று அன்று எல்லாரும் உணர்ந்தோம்.

கூடிப் பேசச் சில கேள்விகள்

1. நம் தோட்டத்தில் ஒரு வாரத்தில் எவ்வளவு பழைய கடதாசி சேர்கிறது? அதில் எரிவது எவ்வளவு, ஓடைக்குப் போவது எவ்வளவு? ஒரு லயத்தில் மட்டும் ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள்.

2. ஒரு பை அல்லது பெட்டி செய்ய எத்தனை நிமிடம் பிடிக்கிறது? மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். பண்டத்தின் விலையை அந்த நேரத்தைக் கொண்டு தீர்மானியுங்கள்.

3. வேலை எந்த நேரத்தில், எந்த இடத்தில் நடக்கும்? பிள்ளைகளின் படிப்பு நேரமும் தாயின் உறக்கமும் அதில் காப்பாற்றப்படுகின்றனவா?

4. பூண்டுலோயா நகரக் கடைகளில் எத்தனை கடைக்காரர் கடதாசிப் பை வாங்கச் சம்மதிப்பார்கள்? இருவர் சென்று கேட்டு வரலாம்.

5. வெளிநாட்டுக் கட்டளை ஒன்று வந்தால் முற்பணம், திகதி, திரும்பி வரும் பண்டத்தின் நட்டம் ஆகிய மூன்றையும் யார் எழுத்தில் கேட்பது?

இந்த ஐந்துக்கும் விடை எழுதிய தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடங்கும் நாளில் முதலில் விரித்துப் பார்க்கவேண்டிய கடதாசி அதுதான்.